கிடைத்தது யாருக்கு?

சற்றே நீண்ட பதிவு. நானே செய்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழையைப் பற்றியது என்பதால், நாலு வரியில் சொல்லி நகர்ந்துவிட மனம் ஒப்பவில்லை.

சென்ற குளிர்காலத்தில், தென் தில்லியின் நகர்ப்புறச் சிற்றூர் ஒன்றில் ஆறு வாரங்கள் நடைபெற்ற கலைஞர் உறைவிடத் திட்டத்தில் எனக்கு ஒரு சிறு பணி அமைந்தது. ‘ரெசிடென்ஸி’ என்று நாம் வழக்கமாகச் சொல்வது இதைத்தான்: வெளியூர்க் கலைஞர் ஒருவருக்குத் தங்க இடமும் பணிக்கூடமும் உதவித்தொகையும் தந்து, குறித்த காலத்துக்குள் ஒரு படைப்பை உருவாக்கச் செய்வது. இத்திட்டத்துக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பயன்படுத்தி எறிந்த பொருள்களைக் கொண்டே படைக்க வேண்டும். அப்பகுதி மக்களோடு சேர்ந்தே படைக்க வேண்டும். மக்களுடனான உரையாடல்களில் உடனிருப்பதும், படைப்புகளின் அருகில் ஒட்டும் விவரக்குறிப்புகளை ஆங்கிலத்திலிருந்து இந்திக்குக் கொண்டுவருவதும் என் வேலை. முதுகலையில் மொழியியல் படித்தவள், இப்போது நகர உழைப்பாளரின் தொழில்மொழியை ஆய்பவள் என்பதால் அழைத்தார்கள். நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஊதியமும் தந்தார்கள். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

இறுதிநாள் காட்சியில் எல்லோரும் நின்று பார்த்த படைப்பு ஒரு நதி. நீலம், வெளிர்நீலம், வெள்ளை நிறப் புட்டி மூடிகளை ஆயிரக்கணக்கில் ஒட்டுப்பலகையில் பதித்து, பத்தடி நீளத்துக்கு யமுனை வளைந்து கிடந்தது. கரையோரம் அறுந்த செருப்புகள். அழகாகவே இருந்தது, அதில் எனக்கு ஐயமில்லை. விவரக்குறிப்பில், எதனால் ஆனது என்று சொல்லும் வரியில், ஆங்கிலத்தில் ‘ஃபவுண்ட் ஆப்ஜெக்ட்ஸ்’ என்றிருந்தது. கலையுலகில் நூறாண்டுப் பழக்கமுள்ள கலைச்சொல். நான் அதற்கு இந்தியில் ‘மிலீ ஹுயீ சீஸேன்’ என்று எழுதியிருந்தேன், கிடைத்த பொருள்கள்.

அந்த மூடிகளில் பெரும்பகுதியைத் தெருத்தெருவாகச் சேர்த்தவர்களில் ஒருவர் அன்று மாலை வந்திருந்தார். வட வங்கத்திலிருந்து வந்து பத்தொன்பது ஆண்டுகளாகத் தில்லியில் குப்பையிலிருந்து பொருள் பிரிக்கும் தொழில் செய்பவர். நாற்பது வயதைக் கடந்தவர். நான் அவரை ‘தீதி’ என்பேன். அவர் என்னை முதல் வாரம் ‘மேடம்’ என்றும் மூன்றாம் வாரத்திலிருந்து ‘பேட்டி’ என்றும் அழைத்தார். எழுத்து வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

“கிடைத்தவையா? யாருக்குக் கிடைத்தவை?”

கேலியாகக் கேட்கவில்லை. ‘கிஸ்கோ மிலீ’ என்பது இந்தியில் மிக இயல்பான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன். அவரும் சிரித்தார். பிறகு மூடிகளை உற்றுப் பார்த்துவிட்டு, “இந்த நீலம் எல்லாம் என் மூட்டையிலிருந்து போனது” என்று சொல்லிவிட்டுத் தேநீர் இருந்த மேசைப் பக்கம் நடந்தார்.

மொழியியல் மாணவருக்கு இது பாடப்புத்தக உதாரணம். ஆங்கிலத்தில் அந்த எச்சவினை, கண்டெடுத்தவர் யார் என்ற கேள்வியை எழுப்பாமலே பெயரோடு ஒட்டிக்கொள்ளும். செய்தவரை விழுங்கிவிட்டு, விழுங்கிய சுவடும் தெரியாமல் நிற்கும். இந்தியில் ‘மில்னா’ அப்படியன்று. தமிழில் ‘கிடை’ என்ற வினையும் அப்படியன்று. ‘எனக்குக் கிடைத்தது’, ‘அவளுக்குக் கிடைத்தது’ என நான்காம் வேற்றுமை உருபேற்று ஒருவர் அங்கே வந்து நின்றாக வேண்டும். வராவிட்டால் கேட்பவர் மனத்தில் அந்த இடம் காலியாகத் தெரியும். தெற்காசிய மொழிகளின் பொதுக்கூறுகளுள் ஒன்றாக இதை வகுப்பில் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம். எழுத்தறியாத ஒருவர் அதே இலக்கணத்தைக் கொண்டு ஒரு நூற்றாண்டுக் கலைச்சொல்லை ஒரே கேள்வியில் பிரித்துப் போட்டார். ஆங்கிலம் மறைத்துவைத்த ஆள் இந்திக்கு வந்ததும் வெளியே வந்துவிட்டார். நான் செய்த பிழை, அப்படி வந்தவரை நானே பார்க்காமல் போனது.

உண்மையில் அப்பொருள்கள் யாருக்கும் ‘கிடைக்க’வில்லை. அவை வந்த வழி இது: விடியுமுன் தீதியும் அவருடைய மருமகளும் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் குப்பையைச் சேர்க்கிறார்கள். முற்பகலில், ஒப்பந்தக்காரருக்கு வாடகை தரும் சிறு மனையில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். பிரித்தது கபாடிக்காரரிடம் எடைக்குப் போகிறது. மூடிகள் தனி விலை. நிறம் பிரித்த மூடிகளுக்கு விலை கூடுதல். கலைஞர் அக்கடைக்குச் சென்று கிலோக் கணக்கில் விலைக்கு வாங்கினார். நானும் உடன் போனேன். பேரம் பேசியதே நான்தான். ஆக, அங்கே நடந்தது ஒரு கொள்முதல். ரசீது இல்லையே தவிர, மற்றெல்லா வகையிலும் அது வணிகம். வணிகத்தைக் ‘கிடைத்தது’ என்று எழுதிய கை என்னுடையது.

இது வெறும் சொற்சிக்கல் என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். சொல்லைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்ப்போம்.

1917இல் மார்செல் துஷாம் ஒரு பீங்கான் சிறுநீர்க் கலத்தில் ‘ஆர். மட்’ என்று கையெழுத்திட்டு நியூயார்க் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பினார். அதை மறுத்தபோது எழுந்த வாதம் இன்றும் கலை வரலாற்று வகுப்புகளில் ஓதப்படுகிறது: தன் கையால் செய்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல, அவர் அதைத் தேர்ந்தெடுத்தார், அதுவே படைப்பு. நல்லது. இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டால் அடுத்த படியையும் ஏற்க வேண்டும். குப்பைக் குவியலிலிருந்து இதை எடு, இதை விடு என்று முதலில் தேர்ந்தெடுத்தவர் யார்? மூடியைக் கழற்றி, கழுவி, நிறம் பார்த்துக் குவித்தவர் யார்? தேர்வே படைப்பு என்றால் அந்த நதியில் முதல் தேர்வு தீதியின் மனையிலேயே முடிந்துவிட்டது. கலைஞர் செய்தது இரண்டாம் தேர்வு. இரண்டாம் தேர்வுக்குக் கையெழுத்து உண்டு. முதல் தேர்வுக்கு எடைக்கல் மட்டும்.

தமிழில் இந்த அநீதி ஒரே வினைச்சொல்லுக்குள் பதிந்து கிடக்கிறது. ‘பொறுக்கு’ என்பதற்கு நல்லதைத் தெரிந்தெடுத்தல் என்று பொருள். பொறுக்கு விதை என்றால் விதைப்புக்கென்று தெரிந்தெடுத்த நல்ல விதை. ‘பொறுக்கியெடுத்த சொற்கள்’ என்று ஒரு கவிஞரைப் பாராட்டினால் அவர் மகிழ்வார். அதே வினையிலிருந்து பிறந்த ‘பொறுக்கி’ என்ற பெயரால் அவரை அழைத்துப் பாருங்கள். எச்சமாக இருக்கும்வரை புகழ்ச்சி, ஆள் பெயரானதும் வசை. செயல் உயர்ந்தது, செய்பவர் இழிந்தவர் என்று ஒரு மொழிச்சமூகம் எங்கோ முடிவு செய்திருக்கிறது. எந்தச் செயலைச் செய்தவர்களை முன்னிட்டு அப்படி முடிவானது என்பதைச் சாதியை விட்டுவிட்டு விளக்க முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை. அதன் வரலாற்றை இந்தப் பதிவில் அடக்க முடியாது. ஆனால், 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இத்தொழிலாளரை வரையறுத்தபோது மறுபயன்பாட்டுக்கும் மறுசுழற்சிக்கும் உரியவற்றைச் சேகரித்து மீட்டெடுப்பவர் என்ற பொருள்படவே சொல்லியிருந்தன. அரசின் வறட்டு நடைக்குக்கூட ‘மீட்டெடுத்தல்’ என்ற வினை அகப்பட்டிருக்கிறது. கலைக்கு அகப்படவில்லை.

இத்திட்டங்களின் பிறப்பு வேறு மண்ணில். இதை மறப்பதால்தான் பாதிக் குழப்பம் என்று நினைக்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோ ஹான்சன் என்ற கலைஞரின் முயற்சியால் 1990இல் தொடங்கிய திட்டம் ஒன்று உண்டு; இன்று ரீகாலஜி என்ற பெயரில் இயங்கும் கழிவு மேலாண்மை நிறுவனம் நடத்துகிறது. கலைஞருக்குப் பணிக்கூடமும் உதவித்தொகையும் தருகிறார்கள். மக்கள் தங்கள் வண்டிகளில் கொண்டுவந்து கொட்டும் பெருங்கூடத்தில் வேண்டியதை எடுத்துக்கொள்ள உரிமையும் தருகிறார்கள். அங்கே கலைஞர் தம் கையால் கிளறி, தாமே காண்கிறார். ‘கண்டெடுத்தது’ என்ற சொல் அங்கே பெருமளவு உண்மை. நம் நகரங்களில் குப்பை அப்படி ஆளில்லாமல் காத்துக்கிடப்பதில்லை. விற்கக்கூடிய எதுவும் வாசற்படி தாண்டிய சில மணி நேரத்தில் ஒருவர் கையில், அடுத்து இன்னொருவர் தராசில், பிறகு மூன்றாமவர் கிடங்கில் இருக்கும். மறுபயன்பாட்டைப் பற்றி நமக்குப் பாடம் நடத்த வேண்டியதே இல்லை. தில்லியில் ஒரு செய்தித்தாள்கூட மூன்று பிறவி எடுத்துத்தான் மடிகிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஆளில்லாக் குப்பைக்கென வகுத்த திட்டத்தைப் பெயர்த்து நட்டால், இடையிலிருக்கும் கைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மொழிபெயர்ப்பில் நான் செய்ததும் இதுவே.

அதே மண்ணில் மற்றொரு முன்னுதாரணமும் உண்டு. அது எனக்கு நெருக்கமானது. மியர்ல் லேடர்மன் யூகலிஸ் 1977 முதல் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையின் உறைவிடக் கலைஞர். உதவித்தொகை இல்லாத பொறுப்பு அது. 1979–80இல் ஏறத்தாழ பதினொரு மாதங்கள் நகரமெங்கும் சுற்றி, 8,500 துப்புரவுப் பணியாளர்கள் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி நன்றி சொன்னார். அதுவே படைப்பு. குப்பையை அவர் எடுத்து அழகுபடுத்தவில்லை. குப்பைக்கும் நகரத்துக்கும் இடையில் நிற்கும் ஆளைப் பார்த்தார். நாற்பதாண்டுகளுக்கும் மேலாகியும் நம் உறைவிடத் திட்டங்கள் பெரும்பாலும் மூடிகளையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இந்தியாவில் நல்ல முயற்சிகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1997இல் தொடங்கிய கோஜ் அமைப்பு கிர்க்கி பகுதியில் வேரூன்றி, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து கலை செய்வது என்னவென்று ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது. விவான் சுந்தரம் 2008இல் காட்சிப்படுத்திய ‘டிராஷ்’ வரிசைக்காகத் தம் பணிக்கூடத்திலேயே குப்பையால் ஒரு நகரத்தை எழுப்பினார். குப்பை சேகரிப்போரிடையே பணியாற்றும் சிந்தன் அமைப்பின் வழியாக அத்தொழிலாளரும் அதில் உழைத்தார்கள். அந்தப் படங்களின் முன் நின்றால் மேலிருந்து பார்க்கும் நகரமைப்பாளரின் கண் நமக்கே கூச்சம் தரும்.

ஆனால் இப்பேச்சில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் சண்டிகர். நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். லெ கொர்பூசியே வரைந்த நகரத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளிலிருந்து உடைந்த பீங்கான், வளையல் துண்டு, மின்சாதனச் சில்லு, ஆற்றுக்கல் என்று மிதிவண்டியில் சேர்த்துவந்து, அரசுக்குச் சொந்தமான காட்டுநிலத்தில், யாருக்கும் சொல்லாமல், 1950களின் பிற்பகுதியிலிருந்து ஒரு தோட்டத்தை வளர்த்தார். 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டது. சட்டப்படி ஆக்கிரமிப்பு; இடித்திருக்கலாம். மக்கள் ஆதரவால் தப்பி, 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ. அவரை எந்த உறைவிடத் திட்டமும் அழைக்கவில்லை. பிரிவினையில் ஊரை இழந்து வந்த ஒருவர், ஊர் இழந்தவர்களின் வீட்டுச் சில்லுகளை எடுத்து வைத்தார். பொறுக்கியவரும் படைத்தவரும் ஒரே ஆள். அங்கே ‘கண்டெடுத்தவை’ என்று எழுதினால் கேள்வி கேட்க யாருக்கும் இடமில்லை.

2019இல் தில்லி சராய் காலே கானில் திறந்த ‘வேஸ்ட் டு வொண்டர்’ பூங்காவில் சுமார் 150 டன் பழைய இரும்பில் ஏழு உலக அதிசயங்கள் நிற்கின்றன. ஒருமுறை போனேன். ஈஃபில் கோபுரத்தின் முன் தற்படம் எடுப்பவர் வரிசை நீளமாக இருந்தது. அவ்வளவுதான் சொல்லத் தோன்றுகிறது.

தீதியின் அறிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனெனில் ‘தேர்வு’ என்று நான் மேலே எழுதியது உபசாரச் சொல் அன்று. என் குறிப்பேட்டில் அவரிடமிருந்து பதிந்த சொற்கள் பல பக்கங்கள் உள்ளன. காகிதம் ‘ரத்தி’, அட்டை ‘கத்தா’, மெல்லிய பைகள் ‘பன்னி’ (முதல் நாள் தமிழ்க் காதில் விழுந்து நான் விழித்தது வேறு கதை). ஆனால் சொற்களைவிட அவற்றுக்கு அடியிலிருக்கும் சோதனைகள்தாம் வியப்பு. ஒரு துண்டை வளைத்து, முறியும் ஓசையைக் கேட்பார். நகத்தால் கீறிப் பார்ப்பார். ஐயமிருந்தால் ஓரத்தில் தீ வைத்து, புகையின் மணத்தில் வகை சொல்வார். அந்தப் புகை அவர் நுரையீரலுக்கு என்ன செய்திருக்கும் என்பது தனிக் கணக்கு. நீரில் போட்டால் மூடி மிதக்கும், புட்டி மூழ்கும் என்பதை எனக்குச் செய்து காட்டினார். இரண்டும் வேறு வேறு நெகிழிகள், அடர்த்தி வேறு, ஆகவே சேர்ந்து உருக்க முடியாது; பொருளறிவியல் ஆய்வகத்தில் சொல்லித்தரும் அதே வேறுபாடு. அவருக்கு அது விலை வேறுபாடு.

இதைப் பேசியபோது ஓவியரான நண்பர் ஒருவர் நியாயமான மறுப்பு ஒன்றைச் சொன்னார். “நான் சாயக் குழாய் வாங்குகிறேன். சாயம் அரைத்த தொழிலாளியின் பெயரைப் படத்தின் கீழே எழுதுகிறேனா? விலை கொடுத்ததோடு கணக்கு முடிந்தது. இதுவும் அப்படித்தான்.” நீண்ட நேரம் பதிலில்லாமல் இருந்தேன். பிறகு தோன்றியது: நீங்கள் படத்தின் கீழே ‘கித்தானில் எண்ணெய்ச் சாயம்’ என்று எழுதுகிறீர்கள். ‘வழியில் கிடைத்த சாயம்’ என்று எழுதுவதில்லை. மூடி நதியின் கீழும் ‘கபாடிக் கடையில் கிலோக் கணக்கில் வாங்கிய, கையால் நிறம் பிரித்த நெகிழி மூடிகள்’ என்று எழுதினால் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அப்படி எழுதினால் படைப்பின் ஒளி கொஞ்சம் மங்கும். கடையில் வாங்கியது என்றால் கதை இல்லை. குப்பையிலிருந்து எழுந்தது என்ற கதையும், சமூகத்தோடு சேர்ந்து செய்தது என்ற கதையுமே நிதி விண்ணப்பத்தில் மதிப்பெண் வாங்குபவை. அக்கதை வேண்டும் என்றால் கதையில் இருக்கும் ஆளும் வேண்டும். சாயம் அரைத்தவரைச் சொல்லி எவரும் நிதி கேட்பதில்லை. குப்பை பிரிப்பவரைச் சொல்லிக் கேட்கிறார்கள்.

பிரேசிலில் விக் முனீஸ் செய்தது இந்த வகையில் நினைக்கத்தக்கது. ரியோவுக்கு அருகிலிருந்த ஜார்திம் கிராமாச்சோ குப்பைமேட்டின் தொழிலாளர்களை, அவர்கள் பிரித்தெடுத்த பொருள்களாலேயே, அவர்களின் உழைப்போடு சேர்ந்து பிரம்மாண்ட உருவப்படங்களாக்கினார். விற்ற பணம் அவர்களின் சங்கத்துக்குப் போனது. 2010இல் வந்த ‘வேஸ்ட் லேண்ட்’ ஆவணப்படத்தில் ஒவ்வொருவரும் தம் பெயரோடு பேசுகிறார்கள். திட்டம் முடிந்தபின் இவர்கள் கதி என்ன, ஆசை காட்டிவிட்டுப் போகிறோமா என்று குழுவினரே சச்சரவிடுவதையும் படம் மறைக்கவில்லை. குறையற்ற முன்மாதிரி என்று சொல்லமாட்டேன். பணம் எந்தத் திசையில் போனது என்பது தெளிவாக இருக்கிறது, பெயரும் இருக்கிறது.

இங்கேதான் என் வாதம் எனக்கே சிக்கலாயிற்று. காட்சியின் மறுநாள் தீதியிடம் போய், விவரக்குறிப்பில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லப்போகிறேன் என்றேன். பெருமிதமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார்.

“வேண்டாம், பேட்டி. பெயர் எழுதினால் யார் யார் படிப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா?”

2025 ஜூலையில் குருகிராமில் அடையாளச் சரிபார்ப்பு என்று வங்காளம் பேசும் தொழிலாளர்களைப் பிடித்து வைத்ததும், அஞ்சிய குடும்பங்கள் குடிசைகளைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனதும் நாம் செய்தியாகப் படித்தவை. அவருக்கு அது உறவினரின் கதை. கடைத்தெருவில் வங்காளம் பேசுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பிள்ளைகளையும் வெளியில் இந்தியிலேயே பேசச் சொல்லியிருக்கிறார். பெயரும் மொழியும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் காலத்தில், ‘பெயர் பொறித்தல்’ என்பதை மறுப்பின்றி நல்லது என்று எண்ணிய நான் எங்கிருந்து பேசினேன்? ஆய்வுக் கட்டுரைகளில் என் பெயர் வரவேண்டுமென்று சண்டை போடும் இடத்திலிருந்து. என் பெயர் எனக்கு ஆபத்து விளைவித்ததில்லை. இந்தப் பதிவிலும் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுவே. ஊரையும் தெருவையும் குறிப்பிடாததும் அதனாலேயே.

அன்று அவர் சொன்ன இன்னொன்று: ஆதாரில் இருப்பது ஊர் முகவரி. பத்தொன்பது ஆண்டு வாழ்ந்த தில்லி மனைக்கு அவரிடம் ஒரு தாளும் இல்லை. ஆறு வாரம் வந்து தங்கிய கலைஞருக்கு, காலம் முடிந்ததும், ‘இன்னார் இப்பகுதியில் உறைந்து பணியாற்றினார்’ என்று முத்திரையிட்ட சான்றிதழ் தந்தார்கள். அதை இந்தியில் எழுதியதும் நான்தான். உறைவிடம் என்ற சொல்லை இவ்வளவு நாள் எப்படி உறுத்தலின்றிப் பயன்படுத்தினேன் என்று அன்று இரவு யோசித்தேன்.

பெயர் முடியாதென்றால் என்ன முடியும்? ஊதியம் முடியும். மொழிபெயர்ப்பாளரான எனக்கு நாட்கூலி இருந்தது. தச்சருக்கு இருந்தது. ஒளிப்படம் எடுத்தவருக்கு இருந்தது. தீதியும் மற்ற ஐந்து பெண்களும் நான்கு பிற்பகல்கள் பணிக்கூடத்துக்கு வந்து, எந்த மூடி எந்தப் பசையில் ஒட்டும், எது வெயிலில் வெளுக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்குச் சமோசாவும் தேநீரும். வரவுசெலவுக் கணக்கில் அது ‘சமூகப் பங்கேற்பு’ என்ற தலைப்பில் போயிற்று. நான்கு பிற்பகல்கள் பிரிக்காமல் விட்ட மூட்டைகளின் இழப்பை எந்தத் தலைப்பிலும் யாரும் எழுதவில்லை. ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் அதே கூடத்தில் ஒரு மணி நேரம் பேசியதற்கு மதிப்பூதியம் தரப்பட்டது. பொருளைப் பற்றிப் பேசினால் அறிவு. பொருளைத் தொட்டுச் சொன்னால் பங்கேற்பு. ஆய்வுத்துறையில் இருக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. நம் களப்பணிகளில் ‘தகவலாளி’ என்று யாரை எழுதுகிறோம், அவர்கள் நேரத்துக்கு என்ன கொடுக்கிறோம்? என் முனைவர் ஆய்வின் சொற்பட்டியலில் பாதி தீதியுடையது. அதற்கு நான் இதுவரை கொடுத்தது ஒரு போர்வை.

ஆகவே என் கோரிக்கை எளியது. இத்தகைய உறைவிடத் திட்டத்தின் நிதிப் பட்டியலில் பொருளைத் தேர்ந்து தருவோருக்கான ஊதிய வரி, கலைஞரின் உதவித்தொகை வரிக்கு அடுத்ததாக, முதல் நாளிலேயே இருக்க வேண்டும். விவரக்குறிப்பில் பொருள் வந்த வழியும் கொடுத்த விலையும் இருக்கட்டும். பெயர் வேண்டுமா என்பதை உரியவர் முடிவு செய்யட்டும். படைப்பு விற்றால் பங்கு எவ்வளவு என்பதும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். திட்டத்தை நடத்தியவர்களுக்கு இதை மின்னஞ்சலில் எழுதினேன். அடுத்த முறை கருத்தில் கொள்வதாக மரியாதையான பதில் வந்தது. இந்தி விவரக்குறிப்பை மட்டும் என்னால் மாற்ற முடிந்தது: ‘இப்பகுதிப் பெண்கள் சேர்த்து, நிறம் பிரித்து, விற்ற மூடிகள்’. ஆங்கில வரி ஏற்கெனவே பலகையில் அச்சாகிவிட்டதால் அப்படியே நின்றது. இரண்டும் ஒரு வாரம் அருகருகே தொங்கின. இரண்டையும் படித்து, ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டவர் ஒருவருமில்லை.

காட்சி முடிந்ததும் நதியைக் கழற்ற வேண்டியிருந்தது. வாங்குபவர் இல்லை; வைக்க இடமும் இல்லை. தீதியை அழைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், இலவசமாக. கோணியோடு வந்தார். ஒட்டுப்பலகையிலிருந்து சில மூடிகளை நெம்பி எடுத்துப் பார்த்தார். அடியில் பசை கட்டிப்போயிருந்தது; மேலே பளபளப்புக்கென்று மெருகெண்ணெய் பூசியிருந்தார்கள். நகத்தால் கீறினார். ஒன்றை வளைத்து ஓசை கேட்டார். மூன்று நான்கு முறை இப்படிச் செய்துவிட்டு, “இதை இனி யாரும் வாங்கமாட்டார்கள். சுத்தமாகக் கொடுத்தேன்” என்றார்.

ஒட்டாத செருப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதியைத் தச்சரும் நானும் தள்ளுவண்டியில் ஏற்றி, ‘டலாவ்’ என்று தில்லியில் வழங்கும் நகராட்சிக் குப்பைக் கொட்டகையில் இறக்கிவிட்டு வந்தோம்.